வினவல் எழுதாமல் அட்டவணையை அணுகுதல்: கேள்வி பதில்

பாளையங்கோட்டை மாணவி: எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியில் எழுதாமலே நிரலிலிருந்து தரவுத்தள அட்டவணையை அணுக இயலுமா?

இயலும். ஜாங்கோ, ஹைபர்னேட் போன்றவற்றில் அட்டவணை ஒரு கிளாஸாகவும், அதன் ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆப்ஜெக்டாகவும் உங்கள் கைக்கு வரும். ஆனால் நீங்கள் எழுதாத வினவலை, இப்படி அட்டவணையை ஆப்ஜெக்டாக்கித் தரும் கருவியான ஓ.ஆர்.எம். எழுதி அனுப்புகிறது, அது எழுதியதை லாக்கில், அதாவது அனுப்பிய வினவல்களின் பதிவில், பாராமல் நம்பாதீர்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: அரிசி ஆலைக்கு ஜாங்கோவில் எழுதிய நிரலில், 200 பில்களை வாடிக்கையாளர் பெயருடன் காட்டும் பக்கம் மிக மெதுவாகத் திறக்கிறது.

பில்களுக்கு ஒரு வினவலும், லூப்புக்குள் நீங்கள் பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொன்றுமாக 201 வினவல்கள் போகின்றன. செலக்ட்_ரிலேட்டட் சேர்த்தால், இரு அட்டவணைகளையும் இணைக்கும் ஜாயினுடன் ஒரே வினவலாகிவிடும். லாக்கைப் பார்த்திருந்தால் இக்கேள்வி எழுந்தே இராது.

சங்கரன்கோவில் வாசகர்: ஓ.ஆர்.எம். இருந்தால் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் வராதல்லவா?

பயனர் தரும் சொல் வினவலுக்குள் புகுந்து அதையே மாற்றிவிடும் தாக்குதல் அது. ஓ.ஆர்.எம். மதிப்புகளைத் தனியே பாராமீட்டராக அனுப்புவதால் பெரும்பாலும் வராது. பயனர் தந்த சொல்லை நீங்களே எழுதும் ரா வினவலில் ஒட்டினால் அந்தக் காப்பு போய்விடும்.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி: அப்பளக் கணக்கை ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியவன் நான். யூஸ் என்றால் அட்டவணை திறக்கும், சீக் என்றால் வரிசை கிடைக்கும், ரீப்ளேஸ் என்றால் மாறும். இதைவிட உங்கள் ஓ.ஆர்.எம். எதில் உயர்ந்தது?

அண்ணாச்சி, நேரடி அணுகல் என்னும் பெயருக்கு உண்மையில் உரியது உங்கள் முறையே. அட்டவணை இருக்கும் டி.பி.எஃப். கோப்பையும், வரிசையைத் தேட உதவும் இன்டெக்ஸையும் உங்கள் நிரலே திறந்து படிக்கிறது. ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் அதன் வேகத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அக்கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்து ஐந்து மேசைகளிலிருந்து திறக்கும்போது, ஒவ்வொரு கணினியும் இன்டெக்ஸின் பகுதிகளை நெட்வொர்க் வழியே இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. எழுதும் நடுவில் ஒரு கணினிக்கு மின்சாரம் போனால் இன்டெக்ஸ் கெட்டு, ரீஇன்டெக்ஸ் செய்ய நேரிடும். ஓ.ஆர்.எம். வினவல் அனுப்பும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் கோப்பைத் தொடுவது அதன் சர்வர் மட்டுமே. தவிர, ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது. அதற்கான ஆதரவும் 2015இல் முடிந்துவிட்டது.

வள்ளியூர் வாசகர்: அண்ணாச்சி பக்கம்தான் நான். எல்லா விலையையும் ஐந்து சதவீதம் உயர்த்த அவருக்கு ரீப்ளேஸ் ஆல் என்ற ஒரே வரி போதுமே, ஓ.ஆர்.எம்.மில் லூப் போட்டு ஒவ்வொன்றாக சேவ் செய்கிறோம்.

அது ஓ.ஆர்.எம்.மின் குறையன்று, லூப்பின் குறை. ஜாங்கோவின் அப்டேட்டுக்குள், அட்டவணையில் இப்போதுள்ள மதிப்பைக் குறிக்கும் எஃப் கொண்டு எழுதினால் உயர்த்தும் வேலை முழுவதையும் சர்வர் ஒரே வினவலில் முடிக்கும். லாக்கில் பாருங்கள்.

தென்காசி வாசகர்: வினவல் எழுதாமல் அட்டவணையை அணுக இயலுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சேரன்மகாதேவி வாசகர்: எப்போது நாமே எஸ்.க்யூ.எல். எழுதுவது?

பல அட்டவணைகளைச் சேர்த்துத் தொகுக்கும் மாத இறுதி அறிக்கைகளுக்கு எழுதுங்கள். ஒரு பில்லைச் சேர்க்கவும் திருத்தவும் ஓ.ஆர்.எம். போதும்.