மிடில்செக்ஸ் என்ற தேர்தல் தொகுதி ஏன் இல்லாமல் போனது?

வாடகைப் பத்திரத்தில் மிடில்செக்ஸ் (லண்டனை ஒட்டியிருந்த பழைய கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி) என்று பார்த்திருப்பீர்கள், வாக்காளர் அட்டையில் அந்தப் பெயர் இருந்திராது. லண்டனுக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் வருகிற குழப்பம்தான். நான் ஹரோவில் 22 வருடமாக இருக்கிறேன். இன்னும் கடித உறையில் மிடில்செக்ஸ் என்றுதான் எழுதுகிறேன், மகள் பகிடி பண்ணுவாள்.

நேரடிப் பதில்: 1885இல் அதை ஏழாகப் பிரித்துவிட்டார்கள். ஹரோ, ஈலிங், பிரென்ட்ஃபோர்ட், அக்ஸ்பிரிட்ஜ், ஹோர்ன்சி, டொட்டன்ஹாம், என்ஃபீல்ட். அதுவரை அந்தக் கவுண்டி முழுவதற்கும் சேர்த்து இரண்டே இரண்டு உறுப்பினர்கள். (லண்டன் நகரம், வெஸ்ட்மின்ஸ்டர் எல்லாம் தனித் தொகுதிகள், அதைப் பிடித்துக்கொண்டு யாரும் வரவேண்டாம்.) 1965இல் கவுண்டி கவுன்சிலும் போய்விட்டது. மிஞ்சியது விலாசம் மட்டும்.

ஆனால் இந்தத் தொகுதியின் பெயரைக் கேட்டாலே எனக்கு 1769தான் நினைவுக்கு வரும். அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

எட்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு சங்கத்தில் பொருளாளர் பதவிக்குப் போட்டியிட்டேன். எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டேன். கை உயர்த்தி வாக்கெடுப்பு. எனக்கு 61, மற்றவருக்கு 24. தேத்தண்ணி குடித்துவிட்டு உள்ளே வந்தால் தலைவர் சொல்கிறார், நான் சந்தா கட்டினது ஒன்பது நாள் பிந்தியாம், எனக்கு விழுந்த வாக்குகள் செல்லாதாம், மற்றவர்தான் தெரிவாம்.

"அதை வாக்கெடுப்புக்கு முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை?" என்று கேட்டேன்.

"தம்பி, சும்மா பிரச்சினை பண்ணாதையும்."

எனக்குக் கை தூக்கினவர்களில் பாதிப்பேர் அதற்குள் றோல்ஸ் வைத்திருந்த சாப்பாட்டு மேசைப் பக்கம் போய்விட்டார்கள். வெளியே வந்தால் காருக்குத் தண்டம் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த மண்டபத்தில் கூட்டம் வைக்கவே கூடாது, இத்தனை பேர் வருகிற இடத்தில் ஆறு கார் நிறுத்தலாம்.

அன்று இரவு நித்திரை வராமல், வென்றவனை விட்டுத் தோற்றவனுக்கு ஆசனம் கொடுத்த கதை உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று தேடினேன். நடந்திருக்கிறது, என் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகக்கூடிய தூரத்தில்!

ஜோன் வில்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர். அரசரின் உரையைத் தன் பத்திரிகையின் 45ஆம் இதழில் தாக்கி எழுதி அரசாங்கத்தின் பகையைச் சம்பாதித்தவர். 1768இல் மிடில்செக்ஸில் நின்று முதலாவதாக வந்தார். ஊரெல்லாம் கதவுகளில் 45 என்று சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். ஆஸ்திரியத் தூதரை வண்டியிலிருந்து இழுத்து அவருடைய சப்பாத்தின் அடியிலும் எழுதிவிட்டார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் பாராளுமன்றம் வில்க்ஸை வெளியேற்றியது. மக்கள் அதே மாதம் திரும்பத் தெரிவு செய்தார்கள். செல்லாது என்றது பாராளுமன்றம். மார்ச்சில் மறுபடியும் அவரே. அதுவும் செல்லாது. ஏப்ரலில் அரசாங்கத் தரப்பில் லட்ரெல் என்ற ஒருவரை எதிரே நிறுத்தினார்கள். வில்க்ஸுக்கு 1,143, லட்ரெலுக்கு 296. ஆசனம் லட்ரெலுக்கு! இத்தனையும் நடந்தபோது வில்க்ஸ் சிறையில் இருந்தார்.

இதில் எனக்கு வியப்பு அந்த வாக்காளர்கள்தான். வருடம் 40 ஷில்லிங் பெறுமதியான சொந்த நிலம் உள்ள ஆண்களுக்கு மட்டும் வாக்கு. இரகசிய வாக்கு 1872இல்தான் வந்தது, அதற்கு முன் பிரென்ட்ஃபோர்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அப்படியும் 1,143 பேர் சொன்னார்கள். றோல்ஸுக்குப் போகவில்லை.

வில்க்ஸ் ஒழுக்கசீலர் என்று நான் சொல்லவரவில்லை. கடன்காரர், பெண்கள் விஷயத்திலும் பெயர் கெட்டவர். பின்னூட்டத்தில் அதை எழுதி எனக்கு வகுப்பெடுக்காதீர்கள். என்னை அவரோடு ஒப்பிடுவதாகவும் எடுக்கவேண்டாம், நான் சந்தா கட்டப் பிந்தினது உண்மைதான்.

1774இல் அதே மிடில்செக்ஸ் அவரை மறுபடியும் அனுப்பியது, இம்முறை தடுக்கவில்லை. 1782இல் அந்தப் பழைய தீர்மானத்தையே சபைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கவும் வைத்தார். பதின்மூன்று வருடம் பிடித்தது.

எங்கள் சங்கத்தின் குறிப்பேட்டை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். செயலாளர் ஊருக்குப் போயிருக்கிறாராம்.