கல்யாணமே இல்லாத சமூகம் எப்படி இருக்கும்?

திருமணம் என்ற ஏற்பாடே இல்லாவிட்டால் சமூகம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் பலருக்கு யார் யாரோடு போவார்கள் என்ற கவலைதான் முதலில் வருகிறது. எனக்கு அது இரண்டாம்பட்சம். ராத்திரிச் சோறு எந்த வீட்டில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தூக்கிக்கொண்டு ஓடுவது யார், வீடு யார் பேரில்? இதற்கெல்லாம் ஒரு பதில் இருந்தால் கல்யாணம் இல்லாமலும் சமூகம் ஓடும். ஓடியும் இருக்கிறது.

சீனாவில் யுன்னானும் சிச்சுவானும் சேரும் மலைப்பகுதியில் லூகு என்றொரு ஏரி. அதைச் சுற்றி வாழ்பவர்கள் மோசுவோ மக்கள், சுமார் 40,000 பேர். பெண் வயதுக்கு வந்ததும் வீட்டிலேயே அவளுக்குத் தனி அறை உண்டு. இரவில் அவளுக்குப் பிடித்தவன் வருவான், விடியுமுன் தன் தாய் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். பகலில் அவன் உழைப்பதும் உண்பதும் அங்கேதான். ஒத்துவரவில்லையென்றால் அவன் வருவதை நிறுத்திக்கொள்வான், அல்லது அவள் கதவைத் திறக்கமாட்டாள். பிரிப்பதற்குச் சொத்து கிடையாது, பிள்ளைக்காக இழுபறியும் கிடையாது. பிள்ளை அம்மா வீட்டுப் பிள்ளை. வளர்ப்பது பாட்டி, சித்தி, பெரியம்மா, அப்புறம் மாமன்மார்.

இந்த மாமனைக் கவனியுங்கள். நம்மூரில் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்து, சீர் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோமே, அந்தத் தாய்மாமனுக்கு அங்கே வருஷம் முழுக்க வேலை. அப்பா செய்கிற எல்லாவற்றையும் அவர்தான் செய்கிறார். புருஷன் என்ற இடம் காலியானால் அது காலியாகவே இருப்பதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் வடகேரளத்து மலபாரே இருக்கிறது. அந்தக் காலத்து நாயர் தறவாடுகளில், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பங்களில், ஆண் ஒரு புடவை கொடுத்தால் சம்பந்தம் என்ற ஆண்-பெண் உறவு ஆரம்பம். முடித்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அதே அளவு சுலபம். பிள்ளைகளும் சொத்தும் தாய்வழி. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் இதைச் சட்டப்படியான திருமணமாக ஏற்கவில்லை. அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1891இல் நீதிபதி தி. முத்துசாமி ஐயர் தலைமையில் ஒரு குழு போட்டு விசாரித்து, 1896இல் சம்பந்தத்தைத் திருமணமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பதிவு செய்ய வந்தவர்கள் மிகக் குறைவு. பிறகு 1933இல் வந்த மருமக்கத்தாய (தாய்வழி வாரிசுமுறை) சட்டம் சம்பந்தத்தையே திருமணமாக ஏற்றுக்கொண்டது. 1976இல் கேரளத்தில் கூட்டுக்குடும்பச் சொத்துமுறையே சட்டப்படி முடிவுக்கு வந்தது.

இதைக் கேட்டு, பெண்ணுக்குச் சொர்க்கம் போல என்று நினைக்க வேண்டாம். சொத்து பெண் வழியில் இறங்கினாலும் அதிகாரம் காரணவர் கையில், அதாவது மூத்த மாமன் கையில். கேரளப் பிராமணர்களான நம்பூதிரிகளின் வீடுகளிலோ மூத்த மகனுக்கு மட்டுமே சாதிக்குள் கல்யாணம். தம்பிகள் நாயர் வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொண்டார்கள். அங்கே பிறந்த சொந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட அப்பாவுக்குத் தீட்டு. இன்னொரு பக்கம், மாப்பிள்ளை கிடைக்காத நம்பூதிரிப் பெண்கள் பலர் கடைசிவரை வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். கல்யாணம் இல்லாமல் போனது அவர்களுக்கும்தான், ஆனால் விடுதலையாக இல்லை.

ஆக, என் பதில் இதுதான். தாலியை எடுத்துவிடுவது சுலபம், தாலிக்குப் பின்னால் இருக்கிற வீட்டை மாற்றுவதுதான் கஷ்டம். மோசுவோ பெண்ணால் கதவைத் திறக்காமல் இருக்க முடிகிறது என்றால், அது அவள் வீட்டுக் கதவு என்பதால்தான். நம்மூரில் பெரும்பாலான பெண்களுக்குப் பிறந்த வீடு அண்ணன் தம்பி வீடு, புகுந்த வீடு மாமனார் வீடு. இந்த நிலையில் நாளைக்கே கல்யாணத்தை ஒழித்தால் தெருவில் நிற்கப்போவது யார்?

அரசாங்கமும் லேசில் விடாது. வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள், கல்யாணமான பெண் பெயருக்குக் கீழே பெரும்பாலும் கணவர் பெயர்தான். உத்தராகண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டத்தில், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும், தவறினால் தண்டனை உண்டு. கல்யாணம் வேண்டாம் என்று ஒதுங்கினாலும் ரிஜிஸ்தர் விடுவதாக இல்லை.