நான்காவது பத்தி

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் குடியாத்தம். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன், பகல் முழுக்க வேலூர் மைய நூலகத்தில்தான். அரசு செலவழித்த கணக்கைச் சரிபார்க்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர், மக்களவை 15, மாநிலங்களவை 7, அமைச்சர் உறுப்பினராக முடியாது, பதவிக்காலம் ஓராண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 2024 அக்டோபர் 24 அன்று அந்தக் குழு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைவரைக் கூப்பிட்டது, வர முடியவில்லை என்று அன்று காலையில் தகவல் அனுப்பினார், கூட்டமே தள்ளிப்போனது. குழு எழுதுவதெல்லாம் வெறும் பரிந்துரைதானே? செபி, தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் டிராய் மாதிரி அமைப்புகளை யார்தான் கேள்வி கேட்பது? பல்லில்லாத பாம்பைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேனோ என்று இருக்கிறது. (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருப்பேனா தெரியாது, தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எழுதும் கடிதங்கள் வாரம் நான்கைந்து வருகின்றன, பாதிக்கு மேல் 'குறிப்பு அனுப்புங்கள்' ரகம். நீங்கள் குறிப்பு கேட்கவில்லை. 'எதற்கு' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது, அப்புறம் திட்டப் போகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செபி தலைவர் வராதது பெரிய விஷயமில்லை. ஆளை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் குழுக்களுக்கு விதியிலேயே அதிகாரம் இருக்கிறது, மதிக்காவிட்டால் உரிமை மீறல் என்று சபாநாயகர் வரைக்கும் கொண்டுபோகலாம். 2017 ஜனவரியில் பணமதிப்பிழப்பு பற்றிப் பதில் சொல்ல ரிசர்வ் வங்கி கவர்னர் இரண்டு குழுக்களுக்கு முன்னால் அடுத்தடுத்து வந்து உட்காரவில்லையா? நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று சொல்லி அரசு ஒரு ஆவணத்தைத் தர மறுக்கலாம் என்று அதே விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது பாருங்கள், அதைப் பற்றிக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். உங்கள் கைடில் அது இருக்காது.

கைடில் இல்லாத இன்னொன்றும் சொல்கிறேன், பெருமைக்கு. அரசின் செலவு மதிப்பீடுகளை ஆராயும் மதிப்பீட்டுக் குழு 1950-இல் வந்தபோது அதன் முதல் தலைவர் அனந்தசயனம் அய்யங்கார். பின்னாளில் சபாநாயகர் ஆனாரே அவர்தான். 1891-இல் அவர் பிறந்த திருச்சானூர் அப்போது நம் வட ஆற்காடு மாவட்டம், 1911-இல்தான் சித்தூர் தனியாகப் போனது. ஆந்திராக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சரி, அப்பா. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அரசு அலுவலகங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிற ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ஆடிட் வந்துவிட்டுப் போனால் வீட்டுக்கு ஒரு கட்டு பேப்பர் வரும், சாப்பிட்ட தட்டை ஓரம் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பாராவுக்கும் பதில் எழுதுவார். தணிக்கையில் கண்ட குறைக்கு விளக்கம் கேட்பது, தணிக்கைத் தடை என்று பெயர், வீட்டில் நாங்கள் சொல்வது 'பாரா'. இன்றைக்கு எத்தனை பாரா என்று அம்மா கேட்பாள், எத்தனை தோசை என்கிற மாதிரி.

அதில் ஒரு பாரா எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கே.வி.குப்பம் பக்கம் ஒரு ஊர்க் கிணற்றுக்குக் குடிநீர் மோட்டார் வாங்கியிருக்கிறார்கள். பணம் பட்டுவாடா ஆகிவிட்டது. மோட்டார் மட்டும் கோடவுனில் சாக்குப் போட்டு மூடியபடி நான்கு வருஷம். ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடிட் கேட்டது, 'மின் இணைப்புக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று பதில் போனது. அடுத்த வருஷமும் கேட்டது, அதே வரி போனது. அப்பா கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்த வரியும் அழகாகவே இருந்திருக்கும்.

பிறகு அந்தப் பாரா எப்படியோ சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு வரைக்கும் போய்விட்டது. (ஆமாம், டில்லியில் இருப்பது போலவே நம் சட்டமன்றத்துக்கும் ஒன்று உண்டு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு எல்லாம் உண்டு. மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் முதல் நாள் ராத்திரி சாலை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு போடுவார்களே, பார்த்திருப்பீர்கள்.) அதிகாரியோடு அப்பாவும் காட்பாடியில் விடியற்காலை ரயில் பிடித்து, மடியில் கோப்புக் கட்டோடு சென்னையில் சட்டமன்றம் இருக்கிற கோட்டைக்குப் போனார். அதிகாரி மேசையில், அப்பா பின் வரிசை நாற்காலியில். உறுப்பினர்கள் சத்தம் போட்டார்கள், மக்கள் பணம் என்றார்கள், அதிகாரி குனிந்த தலையோடு 'ஆவன செய்யப்படும் ஐயா' என்றார். இதற்கெல்லாம் யாரும் பயப்படுவதில்லை தம்பி. அப்போது ஓரத்தில் இருந்த வயதான உறுப்பினர் ஒருவர், பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டாராம்: "போன வருஷமும் இதே பதில்தான் எழுதியிருக்கீங்க. மின் இணைப்புக்கு டெபாசிட் கட்டின தேதி என்ன?"

அதிகாரி திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா கோப்பைப் பார்த்தார். கட்டவே இல்லை. நான்கு வருஷமாக யாரும் கட்டவில்லை.

பதினாலு நாளில் மோட்டார் ஓடியது. யாருக்கும் தண்டனை கிடையாது, அந்த அதிகாரி பிற்பாடு பதவி உயர்வில் போனார், அதெல்லாம் வேறு கதை. "போன தபா இன்னா சொன்னேன்னு கேக்கிறவன் ஒருத்தன் போதும்" என்று அப்பா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது டில்லிக்கு வாருங்கள். அமைச்சகங்களின் வேலையைப் பிரித்துக்கொண்டு கவனிக்கும் துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன, 1993-இல் தொடங்கி 2004-இல் இந்த எண்ணிக்கைக்கு வந்தவை, ஒவ்வொன்றிலும் 31 பேர், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். குழு அறிக்கை கொடுக்கும், நீங்கள் சொல்கிறபடி பரிந்துரைதான். ஆனால் துறை மூன்று மாதத்தில் பதில் எழுத வேண்டும், பொதுக் கணக்குக் குழுவுக்கு ஆறு மாதம். அந்தப் பதில்களை எடுத்து வைத்துக்கொண்டு குழு இன்னொரு அறிக்கை போடும், எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கை. இதைத்தான் யாரும் படிப்பதில்லை. டிவியில் வராது, தேர்விலும் வராது. ஐந்து அத்தியாயம். இரண்டாவது, அரசு ஏற்றுக்கொண்டவை, கல்யாணப் பத்திரிகை மாதிரி, அதில் எல்லாரும் நல்லவர்கள், 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட ஏற்றுக்கொண்ட கணக்கில் சேர்ந்துவிடும். மூன்றாவது, துறை சொன்ன பதிலைப் பார்த்தபின் குழு விட்டுவிட்டவை. ஐந்தாவது, முழுப் பதில் இன்னும் வராதவை. நடுவில் நான்காவது இருக்கிறதே, அதுதான் தம்பி நாடாளுமன்றம். துறை சொன்ன பதிலைக் குழு ஒப்புக்கொள்ளாத பரிந்துரைகள். நீ சொன்னது பதில் இல்லை, திரும்பச் சொல் என்று எழுத்தில் கேட்கிற இடம். எந்தக் குழுவின் அறிக்கை என்றாலும் நேராக அந்த அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள், மெலிந்திருந்தால் உறுப்பினர்கள் தூங்கியிருக்கிறார்கள்.

செபியைப் பற்றிக் கேட்டீர்கள். செபி போடும் ஒழுங்குமுறைகள் இரண்டு அவைகளின் மேசையிலும் 30 நாள் வைக்கப்பட வேண்டும் என்று செபி சட்டமே சொல்கிறது, அவற்றைப் படித்துப் பார்க்கவென்றே சார்நிலைச் சட்டக் குழு என்று 15 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். கேமரா எல்லாம் செபி தலைவர் வந்தாரா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது, மேசையில் கிடக்கிற காகிதத்தை யார் புரட்டினார் என்று நீங்களும் கேட்கவில்லை.

இங்கேதான் எனக்குக் கோபம். பல் இல்லை, பல் இல்லை என்கிறீர்களே, ஒரே ஒரு அறிக்கை, பத்துப் பக்கம், படித்திருக்கிறீர்களா? நாடாளுமன்ற இணையதளத்தில் காசில்லாமல் கிடக்கிறது. இங்கிலீஷிலும் இந்தியிலும் இருக்கிறது, தமிழில் இல்லை என்பது நியாயமான புகார்தான், அதை யாரும் எழுப்புவதில்லை என்பது இன்னும் பெரிய புகார். ஆனால் குரூப் 2-க்குப் படிக்கிற உங்களுக்கு அந்த இங்கிலீஷ் ஒன்றும் மலை இல்லை. 22 பேர் என்று எண்ணத் தெரிந்தது, அந்த 22 பேர் என்ன எழுதினார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

பாலாற்றையே எடுங்கள். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், நம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், ஆற்றைக் கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தோல் பதனிடும் டேனரிகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுதி, மேற்பார்வைக்கு ஒரு குழு போடச் சொன்னது. 28 வருஷத்துக்கு மேல். உச்ச நீதிமன்றத்துக்கே பல் போதவில்லை என்று இதைப் படிப்பீர்களோ என்னவோ, எனக்குத் தெரிவது நடுவில் வருஷா வருஷம் சட்டமன்றத்தில் உட்கார்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை 'போன தபா இன்னா சொன்னே' என்று கேட்டுத் துளைக்க ஆள் போதவில்லை என்பதுதான்.

பெட்டியில் அப்பாவின் நோட்டு ஒன்று கிடைத்தது. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு நான்கு பத்தி. பாரா எண், நாம் எழுதிய பதில், தேதி. நான்காவதன் தலைப்பு 'மறுபடி கேட்டார்களா'. பக்கம் பக்கமாக அந்தப் பத்தி வெறுமையாக இருக்கிறது, சில இடங்களில் மட்டும் 'இல்லை' என்று எழுதி அலுத்துப்போய் நிறுத்தியிருக்கிறார். மோட்டார் வரியில் மட்டும் பச்சை மையில், 'ஆம்'.

ஞாயிற்றுக்கிழமை நூலகம் போகும் வழியில் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். டிபன் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம்.