கருவாட்டுக்கு நைலான் கவர் அவசியமா?

கேள்வி: கருவாடும் இட்லிப் பொடியும் தயாரித்துக் கூரியரில் அனுப்பி வருகிறேன். வேக்கம் மெஷினில் காற்றை உறிஞ்சி ஒட்டிய கருவாட்டுப் பொட்டலங்கள் சில நாட்களிலேயே தளர்ந்துவிடுகின்றன. விலை கூடிய நைலான் கவரை வாங்கும்படி கடைக்காரர் சொல்கிறார். அது தேவைதானா? நைலான்தான் என்று எப்படி அறிவது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: கருவாட்டுக்குத் தேவை, பொடிக்குத் தேவையில்லை.

தளர்ந்த பொட்டலம் ஒன்றைக் காலி செய்து, தண்ணீர் ஊற்றி, வாயை முறுக்கிப் பிடித்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வாளையின் முள்ளோ நெத்திலியின் தலையோ உரசிய இடத்தில் ஊசிமுனை அளவுத் துளை வழியே நீர் கசிந்தால் காரணம் தெரிந்துவிடும். துளையே இல்லாவிட்டாலும், வெறும் பாலிதீன் ஆக்சிஜனை மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. மீனின் கொழுப்பு காறிப்போவதும், வாடை வெளியேறிப் பக்கத்துப் பார்சல்களில் ஏறுவதும் அதனால்தான். நைலான் முள்ளுக்கு எளிதில் கிழியாது, ஆக்சிஜனையும் நன்கு தடுக்கும். ஆனால் ஈரப்பதத்தைத் தடுப்பதில் அது பலவீனமானது, சூட்டில் ஒட்டவும் எளிதில் இணங்காது. ஆகவேதான் வெளியே நைலானும் உள்ளே பாலிதீனுமாகச் சேர்த்துக் கவர் செய்கிறார்கள். பொடிக்கு முதன்மையாக வேண்டியது ஈரத்தடுப்பு என்பதால், அதற்கு நைலானுக்கென்று கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவு என்பதே என் கருத்து.

சோதிப்பதற்குக் கவரிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வெளிப்பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி மடித்து, வழக்கமான சூட்டில் சீலிங் மெஷினில் வையுங்கள். சாதாரண பாலிதீன் சுமார் 110 டிகிரி செல்சியஸில் உருகி ஒட்டிக்கொள்ளும். நைலான் 6 என்ற நைலான் வகை உருகுவதற்கோ ஏறத்தாழ 220 டிகிரி வேண்டும் என்பதால் ஒட்டாது. பாலியெஸ்டர் கவரும் இவ்வாறே ஒட்டாது என்றாலும், கசக்கினால் அது விறைப்பாக மொடமொடக்கும், நைலான் சற்று மென்மையாக இருக்கும். நைலானை நடுவில் வைத்த ஐந்தடுக்கு, ஏழடுக்குக் கவர்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. அங்கே அடுக்குகளின் விவரம், மைக்ரான் அளவில் மொத்தத் தடிமன், உணவுத் தரச் சான்று ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெறும் மைக்ரான் கணக்கைப் பார்த்து வாங்கினால் தடித்த பாலிதீனே உங்கள் கைக்கு வரக்கூடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: அரைகுறையாகக் காய்ந்த மீனை எந்தக் கவரும் காப்பாற்றாது. காற்றில்லாத ஈரத்தில் நச்சு உண்டாக்கும் கிருமிகள் வளரக்கூடும் என்பதால், உப்பிட்டு நன்கு உலர்ந்ததை மட்டுமே குளிரூட்டாமல் அனுப்புங்கள்.