விண்வெளி ஆய்வின் வரலாற்றைக் காலக்கோடு போட்டு மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

நாகப்பட்டினம் பக்கத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காலக்கோட்டை அளவு பிசகாமல் போடுங்கள், அதில் பிள்ளைகளின் ஊருக்கும் ஒரு வரிசை கொடுங்கள் என்பதுதான் என் பதில்.

நிகழ்ச்சிகளைச் சம இடைவெளியில் அடுக்கிய காலக்கோடு வெறும் பட்டியல்தான். நான் வரிசை நடவுக்குப் பிடிக்கிற நைலான் கயிற்றை எடுத்து, ஆண்டுக்கு ஓர் அடி என்று முடிச்சுப் போட்டு, சுற்றுச்சுவரை ஒட்டிக் கட்டிவிடுவேன். அட்டைகளை எழுதுவதும் மாட்டுவதும் பிள்ளைகள் வேலை. முதல் செயற்கைக்கோளான 1957 ஸ்புட்னிக்கிலிருந்து, நிலவில் கால் வைத்த 1969 ஆம்ஸ்ட்ராங் வரை 12 அடிதான். அதற்குள் விண்வெளிக்குப் போன நாய் லைக்கா, நிலவின் மறுபக்கத்தைப் படம் எடுத்த லூனா-3 விண்கலம், விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரினின் 108 நிமிடங்கள், முதல் பெண் தெரெஷ்கோவா என்று அட்டைமேல் அட்டை விழும். 1972 டிசம்பரில் மனிதர்கள் நிலவில் இறங்கிய அப்போலோ-17 பயணம். அதற்குப் பிறகு நிலவில் நடந்தவர்கள் என்று மாட்ட அட்டையே கிடையாது. "ஏன் டீச்சர் அப்புறம் யாரும் இறங்கல?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் நடந்த போட்டி, அதற்குக் கொட்டிய பணம், முந்திவிட்ட பிறகு வெட்டப்பட்ட நிதி எல்லாவற்றையும் அந்தக் கேள்வி வரும்வரை சொல்லாமல் வைத்திருங்கள்.

கயிற்றுக்கு மேலே உலகம், கீழே இந்தியா. 1963-இல் தும்பாவிலிருந்து ஏவிய முதல் ராக்கெட், 1975-இல் நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா, 1981-இல் மாட்டு வண்டியில் ஏற்றிச் சோதித்த ஆப்பிள் செயற்கைக்கோள். தோல்விகளை விட்டுவிடாதீர்கள், அவற்றுக்குச் சிவப்பு அட்டை. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது, 1980 ஜூலையில் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. 2019-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதியது, நாலு அடி தள்ளி 2023-இல் சந்திரயான்-3 இறங்கியது.

மூன்றாவது வரிசைதான் எனக்கு முக்கியம்: நம் ஊர்ப் புயல்கள். 1952, 1977, 2018 கஜா. 1977 பற்றித் தாத்தா பாட்டியிடமும், கஜா பற்றி அப்பா அம்மாவிடமும் கேட்டு எழுதிவரச் சொல்வேன். 1952 அட்டை ஸ்புட்னிக்குக்கு ஐந்து அடி முன்னால் தொங்கும். அன்று வானத்திலிருந்து பார்க்க எதுவுமே இல்லை, கப்பல்கள் தரும் தகவலையும் கரையோரக் காற்றழுத்த அளவையும் நம்பித்தான் எச்சரிக்கை. முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 போனது 1960-இல். 1977 நவம்பரில் புயல் அடித்தபோதும் நமக்கென்று ஒன்று இல்லை. மேகங்களைப் படம் எடுக்கிற இன்சாட்-1பி 1983-இல்தான் போனது. கஜா கடலில் இருக்கும்போதே அதைப் படத்தில் பார்த்தோம், கரையோர மக்களை முன்னதாகவே முகாம்களுக்கு அழைத்துப் போனார்கள். தென்னையைக் காப்பாற்ற எந்தச் செயற்கைக்கோளாலும் முடியவில்லை, அதையும் பிள்ளைகள் அட்டையில் எழுதட்டும். 'ராக்கெட் விட்டு என்ன பயன்?' என்று வீட்டில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல இந்த மூன்றாவது வரிசை போதும்.

அட்டையில் ஆண்டும் ஒரே ஒரு வரியும் இருந்தால் போதும், பத்தியாக எழுதினால் யாரும் நின்று படிப்பதில்லை. அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குமுன் வெளியில் கயிறு கட்ட அதுவே நல்ல சமயம். மழை முந்திக்கொண்டால் ஆண்டுக்கு அரை அடி வைத்து வராந்தாவில் கட்டிக்கொள்ளலாம்.