சமையல் நிகழ்ச்சிகள் சமைக்கக் கற்றுத்தருவதை நிறுத்தியதால் யாருக்கு நட்டம்?

கேள்வி இது: "முன்பெல்லாம் தொலைக்காட்சியில் ஒருவர் நின்று பொறுமையாகச் சமையல் சொல்லித்தருவார். இப்போது எல்லாம் போட்டியும் கூத்தும்தான். இதில் உண்மையில் ஏதாவது இழப்பு இருக்கிறதா? வேண்டியவர்கள் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாமே?"

இழப்பு இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. அடுப்படியில் ஓர் அம்மாவோ அம்மம்மாவோ பக்கத்தில் நின்று "இப்ப இறக்கு" என்று சொல்லக்கூடிய வீட்டில் தொலைக்காட்சி எதைக் காட்டினாலும் பெரிய நட்டம் வராது. கேட்க ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் நட்டம். இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியில் அப்படியான வீடுகள் நிறைய.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பிக்கிறேன். செய்முறை வகுப்பில் பிள்ளைகள் கறியைத் தட்டில் எப்படி வைப்பது, மேலே எதைத் தூவுவது, ஓரத்தை எப்படித் துடைப்பது என்பதையெல்லாம் கனகச்சிதமாகச் செய்கிறார்கள். எல்லாம் போட்டி நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகியது. தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக்கு, முதலில் பிழிந்த கெட்டிப்பாலான முதற்பாலை விட்டதும்தான் கை நின்றுவிடும். "ரீச்சர், இப்ப துழாவுறதா, விடுறதா?" துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், ஓரத்தில் நுரை எழும்பும்போது இறக்க வேண்டும், இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விட வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டாலும் திரிந்துவிடும். சொதியில் கற்க வேண்டியதெல்லாம் இந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. தொலைக்காட்சியில் வெட்டி எறியப்படுவதும் இதே நிமிடம்தான். பார்ப்பவருக்கு அது சலிப்பு. அந்த நேரத்தில் கமரா போட்டியாளரின் முகத்துக்கும், ஓடுகிற கடிகாரத்துக்கும், நடுவரின் புருவத்துக்கும் போய்விடும். திரும்பி வரும்போது சொதி தட்டில் இருக்கும்.

இந்தத் துறை வளர்ந்தது இப்படி இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு வந்தபோது, 1940இல் பிபிசி வானொலி காலை 8.15க்கு ஐந்து நிமிடச் சமையல் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. 'கிச்சன் ஃபிரண்ட்' என்று பெயர். பங்கீட்டில் கிடைக்கிற கொஞ்ச வெண்ணெய், கொஞ்ச இறைச்சி, நிறையக் கிழங்கை வைத்து வீட்டாருக்கு எப்படிச் சாப்பாடு போடுவது என்பதுதான் பேச்சு. போர் முடிந்து 1946இல் ஃபிலிப் ஹார்பன் பிபிசி தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டத் தொடங்கியபோதும் பங்கீடு முடிந்திருக்கவில்லை. ஒலிபரப்பில் சமையல் வளர்ந்தது தட்டுப்பாட்டுக் காலத்தில், தேவைக்காக. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையில் வாழ்ந்த எங்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தின் பெறுமதி நன்றாகவே விளங்கும்.

பிறகு 1963இல் அமெரிக்காவில் பொஸ்ரன் நகரப் பொதுத்தொலைக்காட்சியில் ஜூலியா சைல்ட் வந்தார். பத்து வருடம் பிரெஞ்சுச் சமையல் படிப்பித்தார். அவருடைய நிகழ்ச்சிகள் அநேகமாக இடைவெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாகப் படமாக்கப்பட்டவை. ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைச் சட்டியில் தூக்கிப் புரட்டுகிறார், ஒரு பகுதி வெளியே விழுந்து சிதறுகிறது. அவர் அதைப் பொறுக்கித் திரும்பச் சட்டிக்குள் போட்டு, ஏன் அப்படி ஆனது என்பதையும் சொல்லித் தொடர்கிறார். ஒரு ஆசிரியராகச் சொல்கிறேன், அதைவிட நல்ல பாடம் இல்லை. பிழையாகிப் போனதை எப்படி மீட்பது என்று காட்டுகிறவர்தான் கற்றுத்தருகிறார். இன்றைய போட்டியில் அடை விழுந்தால் பின்னணி இசை மாறும், அந்தப் பிள்ளை அழும், விளம்பர இடைவேளை வரும். விழுந்த அடையை என்ன செய்வது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மாற்றம் 1990களில் வந்தது. 1993 ஒக்டோபரில் ஜப்பானில் 'அயர்ன் செஃப்' தொடங்கியது. ஒரு பொருள், ஒரு மணிநேரம், இரண்டு சமையற்காரர், மல்யுத்த அரங்கு போன்ற மேடை. அதே வருடம் நவம்பரில் அமெரிக்காவில் உணவுக்கென்றே 'ஃபூட் நெற்வேர்க்' தொடங்கியது. அதுவும் ஆரம்பத்தில் மேசைக்குப் பின்னால் நின்று செய்துகாட்டுகிற நிகழ்ச்சிகளைத்தான் போட்டது. 1997இல் அங்கே சமைத்துக் காட்டிய எமெரில் லகாசேக்கு இசைக்குழுவும் கைதட்டுகிற பார்வையாளர்களும் வந்தார்கள். 2005இல் 'அயர்ன் செஃப்' அமெரிக்கப் பதிப்பாகவே ஆகிவிட்டது. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். சமைக்கிறவர் மட்டும் பார்க்கிற நிகழ்ச்சிக்குப் பகல் நேரமும் சின்ன விளம்பரமும்தான் கிடைக்கும். சமைக்காதவரும் பார்க்கிற நிகழ்ச்சிக்கு இரவு நேரமும் பெரிய விளம்பரமும் கிடைக்கும். 'மாஸ்டர்செஃப்' என்ற போட்டி வடிவம் 60க்கு மேற்பட்ட நாடுகளுக்கு விற்கப்பட்டிருக்கிறது. சொதியில் பால் விடுகிற நிமிடத்தை அப்படி விற்க முடியாது.

இந்த வருடங்களை எங்கள் வருடங்களோடு சேர்த்துப் பார்க்கிறேன். 1990இல் போர் மறுபடி மூண்டபின் வன்னியில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்கிற வானொலி, யாராவது ஜெனரேற்றர் பிடித்தால் ஊரே கூடிப் பார்க்கிற படம். இந்தியாவில் சஞ்சீவ் கபூர் 1993இல் தொடங்கி வருடக்கணக்காக இந்தியில் வீடு வீடாகச் சமையல் படிப்பித்ததும், தமிழ் அலைவரிசைகளில் அரைமணி நேரச் செய்துகாட்டல்கள் மதியத்தில் ஓடியதும் அந்த இருட்டுக்கு வெளியே நடந்தவை. 2009இல் போர் முடிந்த பிறகு, மீள்குடியேறி, கம்பம் நட்டு, மின்சாரம் வந்து, வீட்டுக்கூரையில் டிஷ் ஏறி, நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து இருந்தபோது பாடம் முடிந்து போட்டி தொடங்கியிருந்தது. மற்ற இடங்களில் ஒரு தலைமுறையாவது படிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கூத்துக்கு வந்தது. எங்களுக்கு முதலில் வந்ததே கூத்து.

போட்டியாளரோடு நகைச்சுவையாளரையும் சேர்த்துச் சமைக்கவிடுகிற 'குக் வித் கோமாளி'யை நான் குறைசொல்லப் போவதில்லை. 2019 நவம்பரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. அடுத்த வருடம் கொரோனாக் காலத்தில் இரண்டாவது சீசன் வந்தது, எங்கள் வீட்டிலும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அப்போது தேவைப்பட்டது. என் மனதை உறுத்துவது வேறு. அதில் நடுவர் நாற்காலியில் இருந்த தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நல்ல ஆசிரியர்கள். வெங்கடேஷ் பட் அதே அலைவரிசையில் 'சமையல் சமையல்' என்று தனியாக நின்று, எண்ணெய் எவ்வளவு காய வேண்டும், வெங்காயம் எந்த நிறத்துக்கு வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தவர். கற்றுக்கொடுக்கத் தெரிந்த இருவரைக் கூட்டிவந்து ருசி பார்க்க மட்டும் இருத்தினால், அவர்களுக்குத் தெரிந்ததில் எவ்வளவு எங்களுக்கு வந்து சேரும்?

அவர்கள் அடுப்பில் நின்று சொல்லித்தந்த காலத்திலும்கூட அது தமிழ்நாட்டுச் சமையல். சாம்பார்ப்பொடி, புளிக்குழம்பு, தாளிப்பு எல்லாம் நன்றாகவே இருக்கும். எங்கள் கறித்தூள் அதில் இல்லை. மல்லியைத் தனியாக, செத்தல் மிளகாயைத் தனியாக, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் அதனதன் பதத்தில் வறுத்தெடுக்கிற தூள். மல்லி பொன்னிறம் தாண்டி மண்ணிறத்துக்குப் போகும்போது மணம் மாறும், அங்கே இறக்க வேண்டும். வெந்தயம் மற்ற எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கறுக்கும், கறுத்தால் முழுத் தூளும் கைக்கும். இலங்கையின் தமிழ் அலைவரிசைகளில் காலை நிகழ்ச்சிக்கு நடுவில் வருகிற சின்னச் சமையல் பகுதியில் இதற்கெல்லாம் நேரம் இல்லை. போட்ட தூளின் பெயரைச் சொல்லி, விளம்பரதாரருக்கு நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள்.

"அம்மாவிட்டக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று வகுப்பில் நான் சொன்ன காலம் உண்டு. "அம்மாக்கும் தெரியாது ரீச்சர், அம்மம்மாதான் வறுப்பாவாம்" என்ற பதிலைப் பல பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன். இன்று என் வகுப்பில் இருக்கிறவர்களின் தாய்மார் பலர் பதின்ம வயதை இடப்பெயர்விலேயே கழித்தவர்கள். கிடைத்த அரிசி, கிடைத்த பருப்பு, மூன்று கல், மழை. பிறகு, போரின் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாம்கள். அங்கே தொடக்கத்தில் சமைத்த சாப்பாடே வரிசையில் நின்று வாங்கினார்கள், பிறகு உலருணவு. கடைசி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அம்மாவின் பக்கத்தில் நின்று தூள் வறுத்துப் பழக வேண்டிய வயது அதற்குள் போய்விட்டது. சிலருக்கு அந்த அம்மாவும் இல்லை. 2009 இறுதிப்போரில் இறந்தவர்களை நினைத்து மே மாதத்தில் அரிசி, தண்ணீர், உப்பு போட்டுக் காய்ச்சுகிற முள்ளிவாய்க்கால் கஞ்சி ஒன்றை மட்டும் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் யாரும் சொல்லாமலே செய்வார்கள்.

யூடியூபில் பார்க்கலாமே என்றீர்கள். பார்க்கிறோம். நல்ல ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள், வெங்கடேஷ் பட்டும் அங்கே தொடர்ந்து சொல்லித்தருகிறார். ஆனால் கூத்து அங்கேயும் முந்திக்கொண்டது. தமிழில் முதலாவதாக ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட அலைவரிசை 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. புதுக்கோட்டைப் பக்கத்துத் தாத்தாவும் பேரன்மாரும் வயலில் பெரிய அண்டாவில் ஊருக்கே சமைக்கிறார்கள். அவர்கள் உழைப்பும் சமைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மனமும் பெரியது. அந்த அளவை வைத்து நாலு பேருக்குக் கறி வைக்க முடியாது என்பதும் உண்மை. ஒரு நிமிடக் காணொளிகள் இன்னும் மோசம், அவற்றில் சட்டி கொதிப்பதே இல்லை.

இன்னொன்று. தேடிப் பார்ப்பதற்கு எதைத் தேடுவதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். முதற்பாலைக் கொதிக்கவிடக்கூடாது என்பதே தெரியாத பிள்ளை அதை எப்படித் தேடும்? கிழமைக்கு ஒருநாள் குறித்த நேரத்தில் வருகிற நிகழ்ச்சியில் ஒரு ஒழுங்கு இருந்தது. இன்றைக்குத் தூள், வருகிற கிழமை சொதி, அதற்கடுத்த கிழமை மீன். நீங்கள் கேட்காததையும் அது சொல்லித்தந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு இல்லாமல் போய், கிடைத்தபோதும் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு வந்தபோது, கிளிநொச்சி நகரத்தில் புதிதாகக் குடும்பம் தொடங்கிய பெண்கள் என்னிடம் வந்து விறகு அடுப்பில் சோறு குழையாமல் வடிப்பது எப்படி என்று கேட்டார்கள். அந்த நாட்களில் தொலைக்காட்சியில் போட்டியாளர்கள் கேக் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். காலை 8.15க்கு ஐந்து நிமிடம் யாராவது எங்களுக்கும் பேசியிருக்கலாம்.

போட்டி நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. கிழமைக்கு அரைமணி நேரம் போதும். தொலைக்காட்சிக்காரர் தராவிட்டால், வன்னியிலேயே கைப்பேசியில் படம் பிடித்துப் போடுகிற தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள், நீங்கள் எடுங்கள். செய்யத் தெரிந்த ஒருவர், தெரியாமல் கேள்வி கேட்கிற ஒருவர், ஒரு அடுப்பு. இசை வேண்டாம். கமராவைச் சட்டியை விட்டு எடுக்காதீர்கள்.

முதலில் புட்டை எடுங்கள். வறுத்த சிவப்பரிசி மாவுக்குக் கொதிதண்ணியை எவ்வளவு எவ்வளவாக விடுவது, அவித்த கோதுமை மா கூடுதலாகக் கலந்தால் தண்ணியைக் கொஞ்சம் ஆறவிட்டு விடுவது ஏன், அகப்பைக்காம்பால் கிண்டும்போது எப்போது தண்ணி போதும் என்று தெரியும், சுண்டின் (அளக்கிற பேணியின்) விளிம்பால் கொத்தும்போது மணி எந்த அளவுக்கு வர வேண்டும், தேங்காய்ப்பூவை எப்போது சேர்ப்பது, நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியில்) அமுக்காமல் போடுவது எப்படி என்பதெல்லாம் தெரிய வேண்டும். கட்டிபட்டுப் போனால் என்ன செய்வது என்பதையும் கட்டாயம் காட்டுங்கள். அடுத்ததாக விரால் மீனின் வழுவழுப்பைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவுவதையும், காய்ந்த பனங்கிழங்கில் செய்கிற ஒடியல் மாவைத் தண்ணியில் ஊறவிட்டுக் கைப்பை எடுப்பதையும் எடுக்கலாம்.

எங்கள் ஊரில் இதையெல்லாம் செய்துகாட்டச் சம்மதித்த வயதான அம்மாக்கள் இருக்கிறார்கள், நான் பேசி வைத்திருக்கிறேன். படம் பிடிக்கத் தெரிந்த யாராவது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருந்தால் எழுதுங்கள். சனி ஞாயிறில் என் மாணவிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், கேள்வி கேட்கிற வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.