கீழே விழுந்த லேப்டாப்: ரிப்பேரா, இஎம்ஐயில் புதுசா?

கேள்வி: திருப்பூரில் வீட்டிலிருந்தே மூன்று சிறிய பனியன் கம்பெனிகளுக்கு டேலி கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் பார்க்கிறேன். மாதம் 22,000 ரூபாய் வருகிறது. இரண்டரை வருடத்துக்கு முன் 46,000-க்கு வாங்கிய லேப்டாப், பையன் சார்ஜர் ஒயரில் கால் தடுக்கியதில் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது. அதிலிருந்து ஆன் ஆகவில்லை. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், ‘மதர்போர்டு போச்சு, 14,000 ஆகும்’ என்கிறார். ஷோரூமில் 48,000-க்குப் புதியது, கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ. கையில் அவசரத்துக்கு வைத்திருப்பது 30,000. எதைச் செய்யட்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் சகோதரி. திறந்து பார்க்காமல் சொன்ன 14,000 வெறும் ஊகம். அதை நம்பி ஒரு வருடத்துக்குக் கடனாளி ஆகாதீர்கள்.

ஒயர் இழுபட்டு விழுந்தது என்கிறீர்கள். அப்படியானால் முதல் சந்தேகம் சார்ஜர் பின் நுழையும் ஜாக் மீதுதான். செருகினால் ஆடுகிறதா, சார்ஜிங் லைட் எரிகிறதா என்று பாருங்கள். அதே வோல்டேஜ் உள்ள வேறு சார்ஜரை இரவல் வாங்கிப் போடுங்கள். அப்புறம் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். மறுபடி சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். ஃபேன் சத்தம் கேட்டும் திரை கறுப்பாகவே இருந்தால், எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் பழுது திரையில்தான். அடிப்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே கூடாது, பேட்டரி வீங்கியிருக்கலாம்.

எங்கள் அலுவலக லேப்டாப் ஒன்று இப்படித்தான் விழுந்து செத்துக் கிடந்தது. திறந்தால், உள்ளே பேட்டரி கனெக்டர் பாதி கழன்றிருந்தது. விரலால் அழுத்தியதும் லைட் வந்துவிட்டது. உங்களுடையதும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறந்து பார்க்க ஆகும் சில நூறு ரூபாயைச் செலவாக நினைக்காதீர்கள். சிப் லெவல் சர்வீஸ் (போர்டை முழுசாக மாற்றாமல், அதில் பழுதான பாகத்தை மட்டும் சரிசெய்வது) செய்யும் வேறு கடையில், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். எது போயிருக்கிறது, எவ்வளவு ஆகும், எத்தனை மாத வாரண்டி என்று எழுதி வாங்குங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதம் 4,000 வீதம் 12 மாதம் கட்டுகிறீர்கள். கார்டு வட்டி 15% என்றால், இதில் அசல் சுமார் 44,317, மீதி 3,683 வட்டி. அந்த வட்டியை ‘தள்ளுபடி’ என்று விலையில் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் வட்டி மீதான 18% ஜிஎஸ்டி சுமார் 663 ரூபாயும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கும் விலைக்குறைப்பும் பல இடங்களில் போய்விடும். இதையெல்லாம்விட எனக்குக் கவலை, 22,000 வருமானத்தில் மாதம் 4,000 என்பதுதான். ஒரு பார்ட்டி பணம் தராமல் இழுத்தடித்தால் தவணை தவறும். கார்டு பாக்கிக்கு வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல் ஓடும்.

சரி, என் கணக்கு இதுதான். ரிப்பேர் 8,000-க்குள் முடிந்தால் யோசிக்காமல் செய்யுங்கள். உண்மையிலேயே மதர்போர்டு போய் 14,000 ஆகும் என்றால், அந்தப் பணத்தைப் பழைய மெஷினில் போட வேண்டாம். டேலிக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. வாரண்டியோடு வரும் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்கும்) லேப்டாப்பை 20,000 ரூபாய் அளவில் பார்த்து, உங்கள் 30,000-லிருந்தே வாங்குங்கள். எடுத்ததை மாதம் 2,000 வீதம் ஆர்டியில் திரும்பச் சேர்த்துவிடலாம்.

இதற்கிடையில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று மாத ரிட்டர்ன்களின் கடைசித் தேதி வந்து நிற்கும். தேதி நெருங்கினால் ஒரு வாரத்துக்கு வாடகை லேப்டாப் எடுங்கள். தாமதக் கட்டணத்தைவிடப் பார்ட்டி கைவிட்டுப் போவதுதான் பெரிய நஷ்டம். பழையதில் டேட்டா சேமித்திருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டால் டேலி டேட்டாவை எடுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானாலும் அந்த எஸ்எஸ்டியைக் கொடுக்காதீர்கள். அதில் மூன்று கம்பெனிகளின் பாஸ்வேர்டும் இருக்கிறது.